மெடிக்கல் லைபிரரியில வேலை செய்யிறவை எந்த கிளாஸ் படிக்கலாம், காசு கட்டோணுமோ?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை ஒருக்கா திருப்பிச் சொல்லுறன், வாசிக்கிற மற்றவைக்கும் விளங்கோணும். லைபிரரி டிப்ளோமா முடிச்சு யாழ்ப்பாணத்தில ஒரு மருத்துவ நிறுவனத்தின்ட லைபிரரியில வேலைக்கு சேந்திருக்கிறீங்கள். டிப்ளோமாவில மருத்துவம் சம்பந்தமா பெரிசா ஒண்டும் படிப்பிக்கேல்ல, டொக்டர்மார் வந்து ஏதும் தேடித் தரச் சொல்லேக்க என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்கிறீங்கள். அமெரிக்காவின்ட மெடிக்கல் லைபிரரி அசோசியேஷன் நடத்துற தொடர்கல்வி கிளாசுகளைப் பாத்திருக்கிறீங்கள், டொலரில காசு போட்டிருக்கு, கிரெடிட் எண்டும் போட்டிருக்கு, அதை எடுத்தா இஞ்ச மதிப்பிருக்கோ எண்டு கேக்கிறீங்கள். அதோட ஆஸ்பத்திரி ரெக்கோட் ரூமில வேலை செய்யிற உங்கட சிநேகிதிக்கும் ஏதாவது இருக்கோ எண்டும் கேட்டிருக்கிறீங்கள்.

என்ர பதில், இப்போதைக்கு ஒரு டொலரும் கட்ட வேண்டாம். முதல் ஒரு கொப்பி எடுத்து, உங்கட மேசைக்கு வாற கேள்வியளை ஒரு மாசம் அப்பிடியே எழுதுங்கோ, யார் கேட்டது, என்ன கேட்டது, எங்க தேடினீங்கள், கிடைச்சுதோ இல்லையோ எண்டு. அந்தக் கொப்பியைப் பாத்துத்தான் கிளாஸ் தெரிவு செய்யோணும். கிளாஸ் பட்டியலைப் பாத்துத் தெரிவு செய்தா எல்லாமே நல்லது மாதிரித்தான் தெரியும், பத்து செர்டிபிக்கேற் சேந்தாப்பிறகும் ஒரு ரெஜிஸ்ட்ரார், அதாவது ஸ்பெஷலிஸ்ற் ஆகப் பயிற்சி எடுக்கிற டொக்டர், வந்து கேக்கேக்க அதே இடத்திலதான் நிப்பீங்கள்.

அந்த அமெரிக்க விசயத்தை சுருக்கமா சொல்லிவிடுறன். மெடிக்கல் லைபிரரி அசோசியேஷன் 1898-ல துவங்கினது, இந்தத் தொழிலுக்கே மூத்த அமைப்பு. அவையின்ட கணக்கில ஒரு மணித்தியாலக் கிளாசுக்கு ஒரு கிரெடிட். கிரெடிட்டுகளைச் சேத்து அங்க தொழில்சார் தகைமை எடுக்கலாம், நோயாளியளுக்கும் பொதுமக்களுக்கும் சுகாதாரத் தகவல் குடுக்கிறதுக்கெண்டு ஒரு தனி சான்றிதழ் இருக்கு, சிஸ்டமாட்டிக் ரிவியூ, அதாவது ஒரு கேள்விக்கு வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் தேடிச் சேத்து எடை போடுற வேலை, அதுக்கெண்டு ஒண்டு இருக்கு, டேற்றா வேலைக்கெண்டும் இருக்கு. தரமான கிளாசுகள்தான், அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா இஞ்ச அரசாங்க வேலையில உங்கட இன்கிறிமென்ற், ப்ரமோஷன் எல்லாம் சேவைப் பிரமாணக் குறிப்பில, அதாவது உங்கட பதவிக்கான அரசாங்க விதிகளில, எழுதியிருக்கிற தகைமையளோட போறது. டொலரில காசு கட்ட முந்தி அந்தக் குறிப்பை எடுத்து ஒருக்கா வடிவா வாசியுங்கோ, கிளார்க் சொன்னதைக் கேட்டு முடிவெடுக்காதேங்கோ. படிப்புக்காக எடுக்கிறதெண்டா அதே விசயத்தில முக்கால்வாசி ஓசியில கிடைக்குது.

எங்க கிடைக்குதெண்டா, அமெரிக்காவின்ட நேஷனல் லைபிரரி ஒஃப் மெடிசின் நடத்துற வலையமைப்பு ஒண்டு இருக்கு, என்என்எல்எம் எண்டு சொல்லுவினம். அவை குடுக்கிற கிளாசுகளுக்கு காசு இல்ல, கனக்க கிளாசுக்கு மேல சொன்ன அதே கிரெடிட்டும் வரும். ரெண்டு விதம் இருக்கு, ஒண்டு நேரடியா நடக்கிறது, மற்றது எப்ப வேணுமெண்டாலும் திறந்து படிக்கிறது. நீங்கள் ரெண்டாவதை எடுங்கோ. ஏனெண்டா நியூயோர்க் நேரம் பின்னேரம் ரெண்டு மணிக்கு கிளாஸ் எண்டா இஞ்ச இரவு பதினொண்டரை, அவையின்ட மாரி காலத்தில கடிகாரம் மாத்தினாப்பிறகு இரவு பன்னெண்டரை. விடிய எழும்பி வேலைக்குப் போற ஆளுக்கு அது சரிவராது, கிளாசுக்குள்ள இருந்து தூங்கி வழியத்தான் வரும். நேரடி கிளாசுக்குப் பேர் பதிஞ்சு வைச்சா பிறகு ரெக்கோடிங்கை அனுப்புறதும் உண்டு, அதையும் பாக்கலாம்.

இனி எதை முதல் படிக்கிறது. தேடல். வேற எதுவும் இல்ல, பப்மெட்டில, அதாவது மருத்துவக் கட்டுரையளைத் தேடுற ஓசி டேற்றாபேசில, தேடப் படியுங்கோ, அதிலயே மூண்டு மாசம் நில்லுங்கோ. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டா, வார்டில இருந்து வாற ஆளுக்கு நீங்கள் செய்யக்கூடிய, வேற ஒருத்தரும் செய்யாத வேலை இதுதான். புத்தகம் எடுத்துக் குடுக்க ஆரும் குடுப்பினம்.

ஒரு உதாரணத்தை வைச்சுச் சொல்லுறன். யாழ்ப்பாணத்தில சுருட்டைப் பாம்புக் கடி சாதாரணம், ஒவ்வொரு வருசமும் வார்டுக்கு வரும். ஒரு ரெஜிஸ்ட்ரார் வந்து, சுருட்டை கடிச்சு இரத்தம் உறையாமல் போன ஆக்களுக்கு விச முறிவு மருந்து ஏத்தினா எவ்வளவு நேரத்தில திரும்ப உறையத் துவங்குது, அதைப் பற்றி எங்கட பக்கத்து ஆராய்ச்சி ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறார் எண்டு வையுங்கோ. கனபேர் செய்யிறது அந்த முழு வசனத்தையும் இங்கிலீசில அடிக்கிறது. அப்பிடி அடிச்சா ஒண்டுமே வராது, இல்லாட்டி சம்பந்தமில்லாதது வரும். கேள்வியை உடைக்கோணும், பாம்பு ஒரு துண்டு, உறையாமை ஒரு துண்டு, மருந்து ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு விதமா சொல் தேடோணும். ஒண்டு மெஷ், அதாவது நேஷனல் லைபிரரி ஒஃப் மெடிசின் 1960-ல இருந்து வைச்சிருக்கிற தலைப்புப் பட்டியல், முப்பதாயிரம் தலைப்புக்கு மேல இருக்கு, வருசா வருசம் மாத்துவினம். அதில பாம்புக்கடிக்கு ஸ்னேக் பைட்ஸ் எண்டு தலைப்பு, மருந்துக்கு ஆன்ரிவெனின்ஸ் எண்டு தலைப்பு, ஆனா இப்ப கட்டுரை எழுதுறவை ஆன்ரிவெனம் எண்டுதான் கூட எழுதுவினம். ஆகவே மெஷ் தலைப்பையும் போடோணும், தலைப்பிலயும் சுருக்கத்திலயும் வாற சாதாரண சொல்லையும் போடோணும், ரெண்டையும் ஓர் (OR) போட்டு ஒரு அடைப்புக்குள்ள சேக்கோணும், பிறகு துண்டுகளை ஆன்ட் (AND) போட்டு இணைக்கோணும். ஆன்ட், ஓர் ரெண்டையும் பெரிய எழுத்தில அடிக்கோணும். பப்மெட் இடமிருந்து வலமாத்தான் வாசிச்சுக்கொண்டு போகும், அடைப்பு போடாட்டி நீங்கள் நினைச்ச தேடல் ஒண்டு, அது செய்யிற தேடல் இன்னொண்டு.

நீங்கள் சும்மா ஒரு சொல்லை அடிச்சா பப்மெட் தானாவே அதுக்குரிய மெஷ் தலைப்பைக் கண்டுபிடிச்சு சேத்துத் தேடும். அது நல்ல வசதி. ஆனா மேற்கோள் குறி போட்டா, இல்லாட்டி சொல்லின்ட கடைசியில நட்சத்திரக் குறி போட்டு வெட்டினா அந்த வசதி நிண்டுபோகும். இதை ஆரும் சொல்லித்தராமல் கண்டுபிடிக்கிறது கஷ்டம், ஏனெண்டா பிழை எண்டு ஒரு அறிவிப்பும் வராது, சும்மா எண்ணிக்கை மட்டும் குறையும். அட்வான்ஸ்ட் பக்கத்தில போய் டீற்றெயில்ஸ் எண்டதை விரிச்சுப் பாத்தா பப்மெட் உங்கட சொல்லை எப்பிடி மாத்தித் தேடினது எண்டு முழுசாக் காட்டும். ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் அதைப் பாக்கிற பழக்கத்தை மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ, பாதிப் படிப்பு அதிலயே வந்திடும்.

இன்னும் முடியேல்ல. சுருட்டையின்ட விஞ்ஞானப் பேர் எக்கிஸ் கரினேட்டஸ். எக்கிஸ் எண்டு மட்டும் போட்டா மேற்கு ஆபிரிக்காவில இருக்கிற வேற எக்கிஸ் இனத்தைப் பற்றின கட்டுரையளும் சேந்து வரும். அங்க பாம்பும் வேற, மருந்தும் வேற. நாங்கள் இலங்கையில பாவிக்கிறது இந்தியாவில நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை நாலுக்கும் சேத்து செய்த மருந்து. அங்கத்தைய முடிவை இஞ்ச அப்பிடியே எடுக்க ஏலாது. இதை நீங்கள் டொக்டருக்கு சொல்லத் தேவையில்ல, அவருக்குத் தெரியும், ஆனா தேடிக் குடுக்கேக்க ரெண்டையும் பிரிச்சு வைச்சுக் குடுத்தீங்கள் எண்டா அடுத்த முறை அவர் நேர உங்களிட்டத்தான் வருவார். பழைய கட்டுரையும் வேணுமெண்டா சிலோன் எண்டும் சேத்துத் தேடோணும், 1972-க்கு முந்தி எழுதினதில ஸ்ரீலங்கா எண்ட பேரே இராது. அதோட சிலோன் மெடிக்கல் ஜேர்னல் பப்மெட்டில இருக்கு, ஆனா எங்கட நாட்டு ஜேர்னல் கனக்க அதுக்குள்ள இல்ல, அதுகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனில தனியாப் போய்த் தேடோணும். யாழ்ப்பாணத்து டொக்டர்மார் யாழ்ப்பாணத்து நோயாளியளை வைச்சு எழுதினது அதுக்குள்ளதான் இருக்கும், அமெரிக்காக் கிளாசில இதைச் சொல்ல மாட்டினம்.

படிச்சு முடிஞ்சாச்சு எண்டு விடவும் ஏலாது, தொடர்கல்வி எண்டு சொல்லுறது அதுக்குத்தான். 2020-ல பப்மெட்டின்ட முகமே மாறிப்போச்சு. 2022-ல கட்டுரைக்கு மெஷ் தலைப்பு போடுற வேலை மெஷினுக்குப் போச்சு, முந்தி புதுக் கட்டுரைக்கு தலைப்பு விழ மாசக்கணக்கா பாத்துக்கொண்டு இருக்கோணும், இப்ப கெதியா விழுது, ஆனா மெஷின் போட்டது சில நேரம் பிழைக்கும். அதே வருசக் கடைசியில ரெண்டு சொல் பக்கத்தில பக்கத்தில வரோணும் எண்டு கேட்டுத் தேடுற வசதியும் வந்தது. 2019-ல கிளாஸ் எடுத்த ஆளுக்கு இது ஒண்டும் தெரியாது.

ஹினாரி பற்றி ரெண்டு வசனம். டபிள்யூஎச்ஓ, அதாவது உலக சுகாதார நிறுவனம், 2002-ல துவங்கினது, வசதி குறைஞ்ச நாடுகளின்ட நிறுவனங்களுக்கு காசு கட்டி வாசிக்க வேண்டிய ஜேர்னல்களை ஓசியில, இல்லாட்டி குறைஞ்ச காசில திறந்து விடுறது. இப்ப ரிசேர்ச்ஃபோர்லைஃப் எண்ட பெரிய குடைக்குள்ள இருக்கு, அதில ஓசி ஒன்லைன் கோர்சும் இருக்கு, கட்டாயம் எடுங்கோ. உங்கட நிறுவனம் பதிவு செய்திருக்கோ, பாஸ்வேர்ட் ஆரிட்ட இருக்கு எண்டு நாளைக்கே விசாரியுங்கோ. அந்தப் பாஸ்வேர்டை வட்சப் குறூப்பில போட வேண்டாம், ஒரேயடியா நூற்றுக்கணக்கில டவுன்லோட் பண்ணவும் வேண்டாம், பதிப்பகக்காரர் கண்டா முழு நிறுவனத்துக்கும் பூட்டிப் போடுவினம்.

அடுத்தது சிஸ்டமாட்டிக் ரிவியூ. இது இப்ப உங்களிட்ட வராட்டியும் ஒரு வருசத்துக்குள்ள வரும், போஸ்ட் கிராஜுவேட் செய்யிற டொக்டர்மார் எல்லாரும் அதைத்தான் எழுதப் பாக்கினம். கொக்ரேன் எண்டது இப்பிடியான ரிவியூ செய்யிற உலக அமைப்பு, அவையின்ட ஹேண்ட்புக் ஒன்லைனில முழுசா ஓசி, அதில தேடல் பற்றி வாற அத்தியாயமே லைபிரரியனோட சேந்து வேலை செய்யச் சொல்லி எழுதியிருக்கு, அந்த வரியை உங்கட மேலதிகாரிக்கு காட்டலாம். பிறிஸ்மா-எஸ் எண்டு 2021-ல வந்த பதினாறு அம்சப் பட்டியல் ஒண்டு இருக்கு, தேடலை எப்பிடி எழுதி வைக்கோணும் எண்டு சொல்லுறது. எந்த டேற்றாபேசில, எந்தத் திகதியில, எந்தச் சொல்லை அப்பிடியே எப்பிடி அடிச்சது எண்டு ஒரு எழுத்தும் பிசகாமல் வைச்சிருக்கோணும். அதைப் பிரின்ற் எடுத்து சுவரில ஒட்டுங்கோ. கட்டுரையில உங்கட பேரும் ஆசிரியர் பட்டியலில வரோணுமோ எண்டதை வேலை துவங்க முந்தியே கதைச்சுப்போடுங்கோ, முடிஞ்ச பிறகு கேட்டா நன்றி எண்ட ஒரு வரியோட நிப்பாட்டுவினம். எங்கட ஆக்கள் கனபேருக்கு இது நடந்திருக்கு, எனக்கு அது பெரிய மனவருத்தம்.

ஏஐ பற்றியும் கேப்பீங்கள். சட்ஜிபிடியிட்ட ரெபரன்ஸ் கேட்டா இல்லாத கட்டுரையை இருக்கிற மாதிரி ஆசிரியர் பேரோட, வருசத்தோட சில நேரம் எழுதித் தரும். ஆரும் அப்பிடி ஒரு பட்டியலைக் கொண்டுவந்து கட்டுரை எடுத்துத் தரச் சொன்னா, ஒவ்வொண்டையும் பப்மெட் நம்பரை வைச்சோ டிஓஐயை, அதாவது கட்டுரைக்குரிய நிரந்தர ஒன்லைன் இலக்கத்தை, வைச்சோ சரி பாத்துப்போட்டு, இல்லாததை இல்லையெண்டு முகத்துக்கு நேர சொல்லுங்கோ.

இனி உங்கட சிநேகிதி. ரெக்கோட் ரூமில இருக்கிறவையைத் தகவல் துறை ஆக்கள் எண்டு எங்கட ஊரில ஒருத்தரும் நினைக்கிறேல்ல, பெட் ஹெட் ரிக்கெற், அதாவது நோயாளியின்ட வார்ட் குறிப்பு, அடுக்கிற ஆக்கள் எண்டுதான் பாக்கினம், அது சரியான அநியாயம். நாட்டில எத்தினை பேர் என்ன வருத்தத்தில ஆஸ்பத்திரியில படுத்தவை, எத்தினை பேர் செத்தவை எண்ட கணக்கு முழுக்க அவை போடுற கோடில இருந்துதான் போகுது. ஐசிடி எண்டது டபிள்யூஎச்ஓவின்ட நோய்க் கோட் பட்டியல், அதில ஐசிடி-10-ஐ வைச்சுத்தான் இவ்வளவு காலமும் வேலை, ஐசிடி-11 2022 ஜனவரி 1-ல இருந்து உலக அளவில நடைமுறைக்கு வந்திட்டுது, நாடுகள் ஒவ்வொண்டா மாறிக்கொண்டு வருகுதுகள். டபிள்யூஎச்ஓவின்ட ஐசிடி-11 பயிற்சி ஒன்லைனில ஓசியிலயே இருக்கு, அவ அதைத்தான் முதல் எடுக்கோணும்.

ஏன் எண்டு டெங்குவை வைச்சுச் சொல்லுறன், மாரி துவங்கினா யாழ்ப்பாணத்து வார்டெல்லாம் அதுதானே. முந்தி ஐசிடி-10-ல டெங்குக் காய்ச்சல் ஏ90, இரத்தக் கசிவு டெங்கு ஏ91. பிறகு டபிள்யூஎச்ஓ அந்த ரெண்டையும் எடுத்துப்போட்டு ஏ97 எண்டு கொண்டுவந்தது, அதுக்குள்ள எச்சரிக்கை அறிகுறி இல்லாதது 0, எச்சரிக்கை அறிகுறியோட 1, கடுமையானது 2. ஐசிடி-11-லயும் அதே மாதிரி மூண்டாத்தான் பிரிச்சிருக்கு. ஆனா எங்கட டொக்டர்மார் தேசிய வழிகாட்டலின்படி டெங்குக் காய்ச்சல், டிஎச்எஃப் (இரத்தக் கசிவு டெங்கு) எண்டு ரெண்டாப் பிரிச்சுத்தான் ரிக்கெற்றில எழுதுவினம். அப்ப டிஎச்எஃப் எண்டு எழுதியிருக்கிற ரிக்கெற் ஏ97.0-வோ, 1-ஓ, 2-வோ? எச்சரிக்கை அறிகுறி இருந்ததோ எண்டு உள்ளுக்க இருக்கிற குறிப்பை வாசிச்சுத்தான் முடிவெடுக்கோணும், விளங்காட்டி வார்டுக்குத் திரும்ப அனுப்பிக் கேக்கோணும். பயிற்சி இல்லாத ஆள் ஏதோ ஒண்டைப் போட்டுட்டு அடுத்த ரிக்கெற்றை எடுக்கும், பிறகு அந்தக் கணக்கை வைச்சு கொழும்பில மருந்தும் கட்டிலும் பிரிப்பினம். இவ்வளவு பொறுப்பான வேலைக்கு ரெண்டு நாள் ட்ரெயினிங்குக்கு ஆளை விடுறதுக்கு எத்தினை இடத்தில மல்லுக்கட்ட வேண்டியிருக்கு.

சிநேகிதிக்கு கொம்பியூட்டர் பக்கம் விருப்பம் இருந்தா டிஎச்ஐஎஸ்2 அடிப்படைக் கோர்சையும் பாக்கச் சொல்லுங்கோ, சுகாதாரத் தரவைச் சேக்கிறதுக்கு ஒஸ்லோ யூனிவேசிற்றி ஆக்கள் உருவாக்கின மென்பொருள், அடிப்படை ஒன்லைன் கோர்ஸ் ஓசி. கொரோனா வரேக்க அதை வைச்சு விமான நிலையத்தில வந்து இறங்குற ஆக்களைக் கண்காணிக்கிற முறையை 2020 ஜனவரியிலயே முதல் செய்து காட்டினது இலங்கைதான், பிறகுதான் மற்ற நாடுகள் எடுத்தது.

தமிழில நோயாளிக்குத் தகவல் குடுக்கிற வேலை எனக்கு மனசுக்கு நெருக்கமான விசயம். மானிப்பாயில இருந்து கிறீன் எண்ட அமெரிக்க மிஷன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில தமிழில மருத்துவம் படிப்பிச்சு, தமிழில மருத்துவப் புத்தகமும் போட்ட ஊர் இது. இண்டைக்கு டயலிசிஸ் வார்டுக்கு வெளியில நிக்கிற ஒரு அம்மாவுக்கு, என்ன சாப்பாடு குடுக்கலாம் எண்டு வாசிக்க ஒரு நல்ல தமிழ்த் தாள் கிடைக்கிறது கஷ்டமாக் கிடக்கு. போனில தேடினா தமிழ்நாட்டுத் தாள் வரும். நல்லாத்தான் எழுதியிருப்பினம், ஆனா இட்லி சாம்பாரைப் பற்றி இருக்கும், எங்கட புட்டு, தேங்காய்ப்பூச் சம்பல், கூழ் ஒண்டும் இராது. அதைவிடப் பெரிய சிக்கல் அலகு. அந்தத் தாளில கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற இரத்தச் சோதனை, மில்லிகிராம் கணக்கில 1.2-க்குள்ள இருக்கோணும் எண்டு போட்டிருக்கும், இஞ்ச சில லாப் ரிப்போட் மைக்ரோமோலில வரும், அதில 106 எண்டு இருக்கும். 88.4-ஆல பிரிச்சா ரெண்டும் ஒண்டுதான், ஆனா அந்த அம்மா 106-ஐயும் 1.2-ஐயும் பாத்து, பிள்ளை முடிஞ்சுது எண்டு நினைச்சு அழுவா.

இதுக்கு என்ன கிளாஸ் எண்டா, என்என்எல்எம்-ல பொதுமக்களுக்கான சுகாதாரத் தகவல் எண்டு ஒரு வரிசையே இருக்கு. வாற ஆளிட்ட எப்பிடிக் கேள்வி கேட்டு உண்மையில என்ன வேணும் எண்டு அறியிறது, வெப்சைற் ஒண்டை எப்பிடி எடை போடுறது, எளிமையா எப்பிடி எழுதுறது, எந்த இடத்தில நிண்டு இதை டொக்டரிட்டக் கேளுங்கோ எண்டு அனுப்புறது, எல்லாம் அதுக்குள்ள வரும். கடைசியாச் சொன்னது மிச்சம் முக்கியம், நாங்கள் வருத்தம் சொல்லுற ஆக்கள் இல்ல, மருந்தை நிப்பாட்டு, குறை எண்டு சொல்லுற ஆக்களும் இல்ல. கொக்ரேன் தன்ர ஆராய்ச்சி முடிவுகளின்ட எளிய சுருக்கங்கள் கொஞ்சத்தைத் தமிழிலயும் போட்டிருக்கு, அதைத் தேடி வைச்சுக்கொள்ளுங்கோ. நீங்களே ஒரு தாள் தயாரிச்சா, வெளியில குடுக்க முந்தி அந்த வார்ட் கன்சல்டன்டிட்டயும் டயற்றீசியனிட்டயும் காட்டி, கையெழுத்தும் திகதியும் வாங்கிப் போடுங்கோ.

உள்ளூரில கொழும்பு யூனிவேசிற்றியின்ட நிலிஸ், 1999-ல துவங்கின லைபிரரி விஞ்ஞான நிறுவனம், பட்டப்பின் படிப்போட சின்ன வேர்க்‌ஷொப்பும் வைக்கும். இலங்கை லைபிரரி அசோசியேஷனையும் பாத்துக்கொள்ளுங்கோ. கொழும்புக்குப் போய்வாறதெண்டா இரவு பஸ், தங்கிற செலவு எண்டு சம்பளத்தில ஒரு துண்டு போயிடும், அதால சூமில வைக்கிறாங்களோ எண்டு முதல் கேளுங்கோ, கேட்டா வைப்பினம், வடக்கில இருந்து கேக்கிற ஆக்கள் குறைவு. இலங்கையில மருத்துவ லைபிரரியளுக்கு ஹெலிஸ் எண்டு ஒரு வலையமைப்பு இருக்கு, அதில இருக்கிறவையைத் தெரிஞ்சு வைச்சிருந்தா கட்டுரை ஒண்டு கிடைக்காட்டி ஒரு ஈமெயிலில வந்திடும். 1978-ல துவங்கின எங்கட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின்ட லைபிரரி உங்களுக்குக் கிட்டத்தான் இருக்கு, அங்க இருக்கிறவையோட போய்க் கதையுங்கோ, வேணுமெண்டா ரெண்டு மூண்டு லைபிரரி ஆக்கள் சேந்து மாசத்தில ஒரு பின்னேரம் இருந்து ஒவ்வொருத்தற்ற கொப்பியிலயும் இருக்கிற கஷ்டமான கேள்வி ஒண்டை எடுத்து எல்லாரும் தேடிப் பாக்கலாம். தனிய வீடியோ பாக்கிறதைவிட அதில கெதியாப் பிடிபடும்.

லீவ் விசயம். ஒரு இடத்தில லைபிரரி ஸ்டாஃபுக்கு என்ன ட்ரெயினிங் எண்டு கேட்டு டியூட்டி லீவ் கடிதத்தைத் திருப்பி விட்டதை நேர பாத்தனான். அப்பிடி வந்தா வாயால கதைக்காமல் எழுத்தில கேளுங்கோ. கடிதத்தில கிளாசின்ட பேர், நடத்துற நிறுவனம், எத்தினை மணித்தியாலம், நிறுவனத்துக்கு ஒரு சதமும் செலவில்ல எண்டது, முடிஞ்சதும் ஹவுஸ் ஒபிசர்மாருக்கு ஒரு மணித்தியாலம் படிப்பிச்சுக் காட்டுறன் எண்டது, இவ்வளவும் இருக்கோணும். அந்தக் கடைசி வரியைப் பாத்திட்டு கையெழுத்துப் போட்ட ஆக்கள் இருக்கினம். முடிச்ச ஒவ்வொரு கிளாசின்ட செர்டிபிக்கேற்றையும் ஒரு கொப்பி உங்கட பேர்சனல் ஃபைலில போடக் குடுத்து, குடுத்ததுக்கு திகதியோட ஒரு கையெழுத்தும் வாங்கி வைச்சுக்கொள்ளுங்கோ.

கொப்பியில ஒரு மாசக் கேள்வி சேந்தாப்பிறகு, நோயாளியளின்ட பேர் விபரம் ஒண்டும் இல்லாமல் கேள்வியை மட்டும் எனக்கு அனுப்புங்கோ, எந்தக் கிளாசில துவங்கலாம் எண்டு சேந்து பாப்பம்.